இன்சுலின் கண்ட பான்டிங்

நோயின் பெயரறிந்தும், அதன் முடிவறிந்தும், அதனைத் தடுக்கும் வழியறியாது நோயாளியின் படுக்கையருகே கைகட்டி நிற்றலைப்போல் மருத்துவனுக்குத் துன்பந்தருவது பிறிதொன்றில்லை. 1922-ஆம் ஆண்டுக்கு முன்னர், நீரிழிவு கண்ட சிறுவர் சிறுமியர் முன்னிலையில் உலகத்து மருத்துவரெல்லாம் இவ்வாறே நின்றனர். அந்நிலையை மாற்றியவருள் தலைமையாக வைத்து எண்ணப்படுபவர் கானடா நாட்டினரான சர் பிரெடெரிக் கிராண்ட் பான்டிங் ஆவார்.

இவர் இளமையிலேயே பேரறிஞரென மதிக்கப்பட்டவரல்லர். கல்லூரியின் முதலாண்டில் தோல்வியுற்றவர். மருத்துவத் தொழில் தொடங்கியும் நோயாளிகளைக் காணாது காத்திருந்தவர். இவரைப் புகழுக்கு உய்த்த கருத்திலுங்கூட ஒரு பகுதி பின்னர்த் தேவையற்றதென்று தெளியப்பட்டது. அங்ஙனமாகவும், இவர் தொடங்கிய முயற்சியால் எண்ணிறந்தோர் உயிர் பிழைத்தனர். இஃது எவ்வாறு நேர்ந்ததென ஆராய்தல் மாணவராகிய நமக்குப் பெரிதும் பயன்படும் என்று கருதுகின்றோம்.

உடலினுள் செல்லும் தூது

பான்டிங் செய்தது யாதென உணர்வதற்கு முன், நம் உடலின் அமைப்பொன்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். உடலிலுள்ள சுரப்பிகள் இருவகைப்படும். உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தாம் சுரக்கும் நீரைக் குழாய்வழியே உரிய இடத்திற் சேர்ப்பன. மற்றொரு வகையின குழாயில்லாதவை. தாம் சுரப்பதை நேரே குருதியிற் கலப்பன. இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். கழுத்தின் முன்புறத்தமைந்த தைராய்டு, சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல், மூளையின் அடியில் பட்டாணியளவாய்த் தொங்கும் பிட்யூட்டரி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை குருதியில் விடும் பொருள்களே ஹார்மோன்கள் எனப்படுவன.

உடலின் ஓருறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி விடுப்பது நரம்புகளின் வழியாக மட்டுமே என்று அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1902-ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். நாயொன்றின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அப்பகுதியினுள் அமிலத்தை இட்டனர். அறுபட்ட நரம்பு செய்தி கொண்டு செல்லாதன்றோ? எனினும் கணையம் முன்போலவே நீர் சுரந்தது. ஆகவே குடலினின்று ஏதோ ஒரு பொருள் குருதியிற் கலந்து சென்று கணையத்தைத் தூண்டியதென அவர்கள் தெளிந்தனர். 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை வழங்கினார். தூண்டியெழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர்.

தமிழ் பயில்வோராகிய நமக்குத் தூது என்பது புதிதன்று. அன்னமும் கிள்ளையும் முகிலும் தூது சென்ற செய்திகளைப் பலகாற் கற்றிருக்கின்றோம். ஹார்மோன்களும் தூதே. ஆனால் இத்தூது ஒருவரை நாடி மட்டும் செல்வதன்று. குருதியோடு உடல் முழுவதும் சுற்றி வருவது. அதனை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகளையுடைய உயிரணுக்களே செய்தியை உணர்ந்து தொழிற்படும். ஏனைய வாளா இருக்கும். அன்றியும், தூது அனுப்பிய சுரப்பி தன் செய்தியின் பயனை அறிந்து அடங்கவும் வல்லது. பிட்யூட்டரி ஏவத் தைராய்டு சுரக்கும். தைராய்டின் சுரப்புக் குருதியில் மிகுமாயின், அம்மிகுதியே பிட்யூட்டரியின் ஏவலைத் தணிக்கும். கூடாமலும் குறையாமலும் உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறை இதுவாகும்.

கணையமோ இருவகைச் சுரப்பியும் ஒருங்கே அமைந்தது. உணவைச் செரிப்பிக்கும் நீரைக் குழாய்வழியே குடலுக்கு அனுப்புதல் அதன் ஒரு தொழில். அக்கணையத்தினுள் கடலிடைத் தீவுகள்போல் ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் வேறுவகை உயிரணுத் திட்டுகளை, 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ் என்பவர் கண்டெழுதினார். அவற்றின் தொழில் இன்னதென்று அவர் அறியார். பின்னர் 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் ஆகிய இருவர் ஒரு நாயின் கணையத்தை முழுவதும் நீக்க, அந்நாய்க்குக் கடும் நீரிழிவு உண்டாயிற்று. நீரிழிவைத் தடுக்கும் பொருளொன்று கணையத்தில் உண்டென்பது அன்று முதல் புலனாயிற்று. அப்பொருள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளிற் சுரப்பதாகவும் அறிஞர் சிலர் கருதலாயினர்.

அப்பொருளே இன்சுலின். நாம் உண்ட உணவு செரித்துச் சர்க்கரையாகிக் குருதியிற் சேருங்கால், இத்திட்டுகள் இன்சுலினை விடுகின்றன. அது தசையிலும் கொழுப்பிலுமுள்ள உயிரணுக்களின் வாயில்களைத் திறந்து சர்க்கரையை உள்ளே புகவிடும். மிகுந்ததைக் கல்லீரலிற் சேமிக்கச் செய்யும். சர்க்கரை குறையுங்கால், அதே திட்டுகளிலுள்ள வேறு உயிரணுக்கள் குளுக்ககான் என்னும் மற்றொரு ஹார்மோனை விடுத்துச் சேமிப்பை வெளிக்கொணரும். இன்சுலின் அற்றுப்போன உடலிலோ குருதி முழுதும் சர்க்கரை நிரம்பியிருந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடக்கும். நெல் நிறைந்த களஞ்சியத்தின் வாயிலில் திறவுகோலின்றிப் பசித்து நிற்பவன் நிலையே அது. பயன்படாத சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும். உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து மெலியும். முடிவில் அறிவு மயங்கி உயிர் நீங்கும்.

அக்காலத்தில் மருத்துவர் கண்ட ஒரே வழி பட்டினியே. உணவை மிகக் குறைத்துக் கொடுப்பின் சில திங்களோ, ஓரிரண்டு ஆண்டுகளோ உயிர் நீடிக்கும். நோயால் இறத்தலைத் தள்ளிவைக்கப் பசியால் வாடுதலை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கணையத்தை அரைத்துச் சாறெடுத்து ஊட்டியும் ஊசிவழிச் செலுத்தியும் பலர் முயன்றனர். எவரும் நிலைத்த வெற்றி காணவில்லை.

இளமையும் போர்க்களமும்

பான்டிங் 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் ஒன்டேரியோ மாகாணத்து அல்லிஸ்டன் என்னும் ஊரையடுத்த பண்ணையொன்றில், ஐந்து மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். பெற்றோர் மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த உழவர். மகன் போதகராதல் வேண்டுமென்று விரும்பியவர். 1910-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்து விக்டோரியாக் கல்லூரியிற் சேர்ந்த பான்டிங் முதலாண்டில் தேறவில்லை. தமக்குரிய நெறி வேறென உணர்ந்து, 1912-இல் மருத்துவம் பயிலப் புகுந்தார். உலகப் போர் மூண்டமையால் அவ்வகுப்பின் படிப்புக் காலம் குறுக்கப்பட்டது. 1916 டிசம்பரில் பட்டம் பெற்றுப் படை மருத்துவராயினார்.

1918-இல் பிரான்சு நாட்டுக் காம்பிரே என்னுமிடத்து நடந்த போரில், வெடித்த குண்டின் சிதறலொன்று அவர் வலக்கையிற் பாய்ந்தது. அந்நிலையிலும் தம் காயத்தைப் பொருட்படுத்தாது, பல மணி நேரம் பிறர் காயங்களுக்கு மருந்திட்டுக் கொண்டிருந்தார். அவ்வீரத்துக்காக 1919-இல் படைச்சிலுவை விருது பெற்றார்.

போர் முடிந்தபின் டொரான்டோவில் குழந்தைகள் மருத்துவமனையிற் சிலகாலம் பணியாற்றி, 1920 ஜூலையில் ஒன்டேரியோவிலுள்ள லண்டன் என்னும் நகரில் தனித்து மருத்துவத் தொழில் தொடங்கினார். நோயாளிகள் வந்திலர். முதல் திங்களில் அவர் ஈட்டிய வருவாய் நான்கு டாலரே. வாழ்க்கையை நடத்தும்பொருட்டு அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குச் செய்முறை காட்டும் சிறுபணியை ஏற்றார். அச்சிறுபணியே அவரைப் பெரும்பணிக்கு இட்டுச்சென்றது.

ஓரிரவிற் பிறந்த எண்ணம்

1920 அக்டோபர் இறுதியில், மாணவர்க்குச் சர்க்கரையின் மாறுபாட்டைப்பற்றி விரிவுரையாற்றும்பொருட்டுப் பான்டிங் நூல்களைப் புரட்டிக் கொண்டிருந்தார். அவ்விரவில் மோசஸ் பாரன் என்பவர் எழுதிய கட்டுரையொன்று அவர் கண்ணிற் பட்டது. கணையத்தின் குழாய் கல்லால் அடைபடின், செரிப்புநீர் சுரக்கும் பகுதி சுருங்கி அழிய, லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மட்டும் அழியாது நிற்கும் என்பது அதன் கருத்து. உறக்கம் வாராது கிடந்த பான்டிங்குக்கு நள்ளிரவு கடந்து ஓரெண்ணம் தோன்றிற்று. கணையத்தை அரைக்குங்கால் செரிப்புநீரே உள்ளிருக்கும் மருந்தைச் சிதைத்துவிடுகிறது போலும். நாயின் கணையக் குழாயைக் கட்டிவிட்டுச் செரிப்புநீர்ப் பகுதி அழியும்வரை காத்திருந்தால், எஞ்சிய திட்டுகளினின்று மருந்தைச் சிதையாது எடுக்கலாமே! எழுந்து அதனைச் சில வரிகளிற் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

நவம்பரில் டொரான்டோ சென்று, உடலியற் பேராசிரியர் மக்லியாட் என்பவரைக் கண்டார். ஸ்காத்லாந்தினரான மக்லியாட் சர்க்கரையின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர். துறையில் தேர்ச்சியற்ற இளைஞர் ஒருவர், பேரறிஞர் பலர் தோற்ற இடத்தில் தாம் வெல்லலாமென்று கூற, அவர் ஐயுற்றதில் வியப்பில்லை. ஆயினும் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக்கூடத்தில் ஓரறையும், சில நாய்களும், துணைக்கு ஒரு மாணவரும் தர இசைந்தார். துணைவராதற்குரிய மாணவர் இருவர் இருந்தனர். காசு சுண்டிப் போட்டதில் முதல் முறை சார்லஸ் பெஸ்ட் என்பவருக்கு வந்தது. பெஸ்டுக்கு அப்போது வயது 22. ஒரு காசின் புரட்டு இருவர் வாழ்க்கையை எவ்வளவு வேறுபடுத்திற்று!

1921-ஆம் ஆண்டுக் கோடை

1921 மே 17-ஆம் நாள் வேலை தொடங்கிற்று. பான்டிங்குக்கு அக்கோடையிற் சம்பளமில்லை. அறை வெப்பமிக்கது. அறுவையால் நாய்கள் பல இறந்தன. ஜூலைத் திங்களில், முன்பு குழாய் கட்டிய நாய்களைத் திறந்து பார்த்தபோது, கட்டிய நரம்புநூல் கரைந்துபோக, கணையம் சுருங்காமலே இருக்கக் கண்டனர். ஏழு வாரத்து உழைப்பு வீணாயிற்று. மனந்தளராது பட்டுநூலாற் கட்டி மீண்டும் தொடங்கினர்.

ஜூலை 30-ஆம் நாள், கணையம் நீக்கப்பட்ட நாயொன்றுக்கு முதன்முதலாகச் சாற்றினைச் செலுத்தினர். பெஸ்ட் குருதியைச் சோதித்தார். 0.20 விழுக்காடு இருந்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 0.12 ஆகக் குறைந்திருந்தது. அந்நாய் நெடிது வாழவில்லையாயினும் வழி தெரிந்துவிட்டது. பின்னர் மார்ஜரி என்று பெயரிடப்பெற்ற நாயொன்று, கணையமின்றியே இச்சாற்றினால் ஏறத்தாழ எழுபது நாள் உயிர் வாழ்ந்தது.

இங்கு ஒன்று கருதற்பாலது. குழாயைக் கட்டி வாரக்கணக்கிற் காத்திருந்து பெறும் சாறு மிகச் சிறிது. அவ்வாண்டு நவம்பரில் பான்டிங் தம் பண்ணை வாழ்வை நினைவுகூர்ந்தார். இறைச்சிக்கு விடும் பசுக்கள் நன்கு கொழுத்தற்பொருட்டு அவற்றைச் சினைப்படுத்தி விடுதல் உழவர் வழக்கம். ஆகவே அறுப்பிடங்களிற் பிறவாக் கன்றுகள் கிடைக்கும். செரிப்புநீர் இன்னும் தோன்றாத அக்கன்றுகளின் கணையத்தில் மருந்து சிதையாதிருக்கும். அங்ஙனமே ஆயிற்று. டிசம்பரில், வளர்ந்த மாட்டின் முழுக் கணையத்தினின்றும் சாராயத்தின் துணையால் மருந்தெடுக்கலாம் என்பதும் தெளிவாயிற்று. எனவே நள்ளிரவில் தோன்றிய குழாய்கட்டும் கருத்து இறுதியில் வேண்டாததாயிற்று. வழி தவறியதாயினும், அவ்வழியிற் புறப்பட்டிராவிடில் ஊர் போய்ச் சேர்ந்திரார்.

லியோனார்ட் தாம்ஸன்

டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்னும் வேதியியலறிஞர் இவர்களோடு சேர்ந்தார். மருந்தினைத் தூய்மை செய்தல் அவர் பொறுப்பாயிற்று.

டொரான்டோப் பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவன் நீரிழிவால் எலும்புந்தோலுமாய்க் கிடந்தான். எடை 65 பவுண்டே. 1922 ஜனவரி 11-ஆம் நாள் பான்டிங்கும் பெஸ்டும் செய்த சாறு அவனுக்கு ஊசிவழிச் செலுத்தப்பட்டது. சர்க்கரை சிறிதே குறைந்தது, ஊசியிட்ட இடத்திற் சீழ்க்கட்டி தோன்றிற்று, மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த சில நாட்கள் காலிப் இரவும் பகலும் உழைத்து, சாராயத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கும் முறையைக் கண்டார். ஜனவரி 23-ஆம் நாள் அத்தூய மருந்து சிறுவனுக்குத் தரப்பட்டது. குருதியில் 520 மில்லிகிராம் அளவிருந்த சர்க்கரை ஒரு நாளில் 120 ஆக இறங்கிற்று. அவன் எழுந்தான், நடந்தான், வீடு சென்றான். பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1935-இல் நுரையீரல் அழற்சியால் இறந்தான்.

ஆயினும் பெருமளவில் மருந்து செய்யப் புகுந்தபோது சில திங்கள் செய்முறை கைகூடாது இடர்ப்பட்டனர். நோயாளிகளின் பெற்றோர் மடல்மேல் மடல் எழுத, கொடுக்க மருந்தில்லை. அவ்விடர் நீங்கியபின், 1922 ஆகஸ்டில் அமெரிக்க அமைச்சர் ஒருவரின் மகளான எலிசபெத் ஹ்யூஸ் பான்டிங்கிடம் அழைத்து வரப்பட்டாள். பதினைந்து வயதினளான அச்சிறுமியின் எடை 45 பவுண்டு. பட்டினி மருத்துவத்தால் மூன்றாண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தவள் அவள். இன்சுலின் பெற்றபின் உடல் தேறி, கல்லூரியிற் பயின்று, மணம்புரிந்து, மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள்.

புகழும் பூசலும்

இத்துணை நன்மை விளைத்தவரிடையே இணக்கம் இருந்ததா என வினவின், இல்லையென்றே கூறல் வேண்டும். பிறர் தம் புகழைக் கவர்ந்துவிடுவரோ என்னும் அச்சம் பான்டிங்கை வாட்டிற்று. தூய்மை செய்யும் முறையைக் காலிப் வெளியிட மறுத்தபோது, பான்டிங் அவரைக் கைந்நீட்டிப் பற்றினார் என்றும், பெஸ்ட் இடைபுகுந்து விலக்கினார் என்றும் வரலாறு எழுதினோர் உரைக்கின்றனர். 1922 ஜனவரி 25-ஆம் நாள் நால்வரும் கூடிச் செயற்படுவதென்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே வேலை ஒழுங்குபட்டது. உயிர்காக்கும் மருந்து பிறந்த அறையிலேயே பொறாமையும் புகுந்திருந்ததென்பதை மறைத்தல் உண்மைக்கு ஒவ்வாது.

1923 அக்டோபரில் நோபெல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மருத்துவத்துக்குரிய அப்பரிசைப் பெற்றோருள் வயதில் மிக இளையவர் பான்டிங்கே. பெஸ்ட் விடுபட்டமை கண்டு அவர் வெகுண்டார். எனினும் உடனே தம் பங்கின் பணத்திற் பாதியைப் பெஸ்டுக்கு வழங்கினார். மக்லியாட் தம் பங்கிற் பாதியைக் காலிப்புக்கு வழங்கினார். ருமேனியா நாட்டுப் பவுலெஸ்கு என்னும் அறிஞரும் 1921-இலேயே இத்தகைய சாற்றின் பயனைக் கண்டு வெளியிட்டிருந்தார்; அவருக்கு அப்பரிசிற் பங்கு கிட்டவில்லை.

பூசல் இங்ஙனமாயினும், பொருளின்மீது இவர்கள் ஆசை வைத்திலர். பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் இன்சுலினின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்று டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு 1923-இல் எழுதிக் கொடுத்தனர். பெருஞ்செல்வம் தந்திருக்கக்கூடிய ஒன்றை அவ்விலைக்கு ஈந்தனர். புகழை விட மனமில்லாதவர் பொருளை எளிதாக விட்டனர்!

எவர் கண்டது இன்சுலின் என்னும் வினாவுக்கு நாம் என்ன விடை கூறுவோம்? தொடக்கமும் விடாமுயற்சியும் பான்டிங்குடையவை. நாள்தோறும் குருதியை அளந்தது பெஸ்ட். மருந்தை மக்களுக்குத் தரத்தக்கதாக்கியது காலிப். அறிவுரையும் இடமும் தந்து சோதனைகளை நெறிப்படுத்தியது மக்லியாட். இந்நால்வருள் ஒருவரை நீக்கினும் 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் எழுந்திரான். பிட்யூட்டரியின்றித் தைராய்டில்லை, கணையம் விடுத்த செய்தியைக் கல்லீரல் ஏலாதாயின் பயனில்லை. அவர்கள் ஆராய்ந்த உடலின் இயல்பே அவர்கள் ஆராய்ச்சிக்கும் இயல்பாயிற்று. அதனை அவர்கள் காலந்தாழ்த்தே உணர்ந்தனர்.

இறுதி நாட்கள்

1934-இல் சர் பட்டம் பெற்ற பான்டிங் ஓய்ந்த வேளைகளில் ஓவியம் வரைந்தார். ஜாக்ஸன் என்னும் புகழ்பெற்ற ஓவியரோடு 1927-இல் வடதுருவப் பகுதிக்குச் சென்று பனிநிலத்தைத் தீட்டினார். இரண்டாம் உலகப் போர் மூளவே மீண்டும் படைமருத்துவப் பணியிற் புகுந்து, விமானிகளின் உடல்நலம்பற்றிய ஆராய்ச்சிகளை நடத்தினார்.

1941 பிப்ரவரியில் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவர், வழியில் மான்ட்ரியால் நகரிற் காலிப்பைக் கண்டு அவரோடு அளவளாவினார். ஒருகால் கைகலக்க நின்ற இருவரும் அந்நாளில் நண்பராயிருந்தனர். பிப்ரவரி 20-ஆம் நாள் அவர் ஏறிய விமானம் பொறி பழுதுற்று நியூபவுண்ட்லாந்துப் பனிக்காட்டில் வீழ்ந்தது. காயமுற்ற பான்டிங் மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.

இன்சுலின் நீரிழிவை வேரறுக்கும் மருந்தன்று. இன்சுலின் சுரவாதார் வாழ்நாள் முழுதும் அதனைப் பெறல் வேண்டும். ஆயினும் பட்டினியிட்டுச் சாவை எதிர்நோக்கிக் கிடந்த குழந்தைகளுக்கு அது பள்ளியையும் விளையாட்டையும் முதுமையையும் தந்தது. 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்படும் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்து, விலங்கின் கணையத்தை நம்பியிருக்கும் நிலையும் மாறிற்று. பான்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளை உலகம் நீரிழிவு நாளாக ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது.

தேர்வில் ஒருமுறை தோற்றதனாலேயே தம்மை அறிவிலியென எண்ணிச் சோர்வோர் நம்மிடையே உளர். நோயாளி வாராத அறையில் நான்கு டாலரோடு அமர்ந்திருந்த அவ்விளைஞரை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. வென்றபின் வெற்றி முழுதும் தமதேயென எண்ணுவோரும் உளர். அவர்கள், மான்ட்ரியாலில் காலிப்பின் எதிரே அமர்ந்திருந்த பான்டிங்கை எண்ணிப் பார்ப்பாராக. இவ்விரண்டு காட்சிகளையும் நாமும் மறவாதிருப்போமாக.